‘இருக்கட்டும்’ மெக்கானிக்

படியில் கிடக்கும் திருகாணியைக் குனிந்து எடுப்பார். இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்ப்பார். வாயருகே கொண்டுபோய், குழந்தையின் முட்டிக் காயத்துக்கு ஊதுவதுபோல அத்தனை பதமாக ஊதுவார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வார்:

"இருக்கட்டும்."

அந்தப் பைக்குள் அதற்கு முன்பே குடியேறியவை பல. வளைந்த ஆணி, தலை இல்லாத சாவி, எந்த பாட்டிலுக்கும் சேராத மூடி, எழுதாத பேனாவின் ஸ்பிரிங். பை இடப்பக்கம் என்பதால் இடது தோள் எப்போதும் ஒரு விரற்கடை தாழ்ந்தே இருக்கும். ஒருநாள் மறந்துபோய்த் துவைத்த சட்டையைக் காலிப் பையோடு மாட்டிக்கொண்டு கிளம்பியவர், பாரம் பழகிய உடம்பு ஒரு பக்கமாகவே இழுக்க, நேரே போக நினைத்துப் பக்கத்துத் தெருவில் போய் நின்றார் என்று சொல்கிறார்கள். நம்பாதவர்கள் அவரோடு நடந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

தொழில், லிஃப்ட் மெக்கானிக். அந்த வட்டாரத்தில் ஏறி இறங்கும் பெட்டிகளெல்லாம் அவர் கைக்கு அடங்கியவை. கதவின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவார். "ரோலர் தேஞ்சிருக்கு" என்பார்; தேய்ந்திருக்கும். "யாரோ மிட்டாய்க் காகிதத்தைச் சொருகியிருக்காங்க" என்பார்; இருக்கும். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைக் கம்பெனி அடையாள அட்டை பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறது. மற்ற எல்லோருக்கும் அவர் ‘இருக்கட்டும்’தான். இதனால் குழப்பமும் உண்டு. "லிஃப்ட் நின்னுபோச்சு சார், யாரைக் கூப்பிடறது?" என்று கேட்ட புது வாட்ச்மேனுக்கு, ஐந்தாம் மாடிக்காரர் "இருக்கட்டும்" என்று பதில் சொல்ல, அவரும் மரியாதையாகச் சும்மா இருந்துவிட, அன்று முழுக்கக் கட்டடமே படியேறி மூச்சு வாங்கியது.

குடியிருப்பது அதே கட்டடத்தின் தரைத் தளத்தில். வீடு என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. வாசலிலிருந்து கட்டிலுக்குப் போக ஓர் ஒற்றையடிப் பாதை. அதிலும் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டுதான் போக முடியும். இரு பக்கமும் மலை. கழற்றிப் போட்ட லிஃப்ட் பட்டன்கள் பிஸ்கட் டப்பாக்களில், மாடிவாரியாக: இரண்டாம் மாடி டப்பா, ஏழாம் மாடி டப்பா. இறக்கை இல்லாத மின்விசிறிகள், துணி இல்லாத குடைகள், குடை இல்லாத கைப்பிடிகள், ஜோடியைத் தொலைத்த செருப்புகள். ஒரு பூனை உள்ளே நுழைந்து வழி தெரியாமல் தங்கிவிட்டது என்றும், வெளியே வந்தபோது அதன் பின்னால் மூன்று குட்டிகளும் பெரியவர்களாகி வந்தன என்றும் கேள்வி. பூனையை விசாரித்தால் உண்மை தெரியும்.

அக்கா ஒருத்தி உண்டு. வேறு பேட்டையில் குடும்பம். வாரம் ஒருமுறை தம்பியைப் பார்க்க வருவாள், வந்து திட்டுவாள், திட்டிவிட்டுப் போவாள். ஒருமுறை அலுப்பில் ஒரு குவியல்மேல் உட்கார்ந்துவிட்டாள். உடனே குவியலுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், தேன் ஒழுக: "கதவு மூடுகிறது. விலகி நிற்கவும்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் பயத்தைவிட ஆசை பெரிது. "யாருடா அது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"அது பழைய லிஃப்ட்டோட பேசற பெட்டிக்கா. தூக்கிப் போடச் சொன்னாங்க. இருக்கட்டும்னு…"

"குரலை மட்டும் கொண்டாந்து வச்சிருக்கான் பாரு! இதுக்கு ஒரு உடம்போட ஆளைக் கொண்டுவரத் துப்பில்ல!"

"தூக்கிப் போட்ட மறுநாள்தான்க்கா எதுவும் தேவைப்படும்."

"சரி, இத்தனை வருஷத்துல உனக்கு உபயோகப்பட்டது ஒண்ணே ஒண்ணு சொல்லு பார்ப்போம்."

அவர் யோசித்தார். அக்கா டீ போட்டுக் குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தபின்னும் யோசித்துக்கொண்டே இருந்தார்.

இப்படிப்பட்டவரின் வாழ்வில் உடம்போடு ஓர் ஆள் வந்தது லிஃப்ட் வழியாகத்தான். மூன்றாம் மாடியில் வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிற டெய்லரம்மா. கணவர் காலமாகிப் பல வருடம், பிள்ளைகள் இல்லை, வாய் உண்டு. ஒரு மாலை மின்சாரம் போய், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே பெட்டி நின்றுவிட்டது. மெக்கானிக் மேலேயிருந்து, எல்லோருக்கும் சொல்கிற ஆறுதலைச் சொன்னார்: "பயப்படாதீங்கம்மா, இதோ வந்துட்டேன்."

"எனக்கென்ன பயம்? அவசரமில்லாம வேலையப் பாருங்க. ஒரு டார்ச்ச மட்டும் இப்படிக் காட்டுங்க, ஊசியில நூல் கோக்கணும்."

கதவை நெம்பித் திறந்தபோது அந்தம்மாள் துணி மூட்டைமேல் சாவதானமாக உட்கார்ந்து, யாருடைய சட்டைக்கோ கடைசி பட்டனைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்ததும் கண்ணில் பட்டது மெக்கானிக் சட்டையில் ஒரு பட்டன் குறைவது.

"வீடு முழுக்க டப்பா டப்பாவா பட்டன் வச்சிருக்கீங்கன்னு சொல்றாங்க. சட்டைக்கு ஒண்ணு கிடைக்கலையா?"

சிரித்துச் சிரித்து அவர் கையிலிருந்த டார்ச் ஆடியது. அதற்குப் பிறகு அவர் சட்டைகளில் அடிக்கடி பட்டன் அறுந்தது. மூன்றாம் மாடி லிஃப்ட் கதவுக்கும் அடிக்கடி எண்ணெய் தேவைப்பட்டது. எதற்கு எது சாக்கு என்று கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும், அவர்கள் இருவரைத் தவிர.

ஒருநாள் டெய்லரம்மா மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்தார். மெக்கானிக் வாசலருகே ஸ்டூலில் டீயோடு உட்கார்ந்திருந்தார். மெஷின் நின்றது. நிமிராமல், துணியைப் பார்த்தபடியே டெய்லரம்மா சொன்னார்: "தங்கச்சி அவ ஊருக்குக் கூப்பிடறா. அவ தையல் கடையில எனக்குன்னு ஒரு மெஷினே போட்டு வச்சிருக்காளாம். போயிடலாம்னுதான் பார்க்கறேன். அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு கேட்டுடறேன். நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன?"

மெக்கானிக்கின் நெஞ்சு கீழ்த்தளத்திலிருந்து மொட்டைமாடிக்கு ஒரே தாவலாகத் தாவியது. இத்தனை பெரிய பொருளை யாரும் அவர் கையில் கொடுத்ததில்லை. தன்னிடம் உள்ளதிலேயே மிகப் பிரியமான சொல்லை, கண் கலங்க எடுத்து வைத்தார்:

"இருக்கட்டும்."

ஊர் உலகத்தில் ‘இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமா’ என்றால் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டு சொல்கிற சொல் அது. வேண்டாம் என்பதை வலிக்காமல் சொல்வதற்காகவே நம் பெரியவர்கள் செய்து வைத்த சொல். டெய்லரம்மா தலையை ஆட்டிக்கொண்டு, தைத்து முடித்த சட்டையை மடித்து நீட்டினார். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது, முன்னைவிட வேகமாக.

மெக்கானிக் படியில் மிதந்து இறங்கினார். அக்காவுக்கு ஃபோன் போட்டார். "முடிஞ்சுதுக்கா! சம்மதம் சொல்லிட்டேன்."

ஆனால் மறுநாளிலிருந்து டெய்லரம்மா லிஃப்ட்டில் வருவதில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியிலேயே ஏறுகிறார், இறங்குகிறார். மெக்கானிக் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்: லிஃப்ட்டில் ஏதோ கோளாறு, அதனால்தான் பயப்படுகிறார். அன்றே பெட்டியை நிறுத்தி, கயிற்றைச் சோதித்து, கதவுத் தடத்தைத் துடைத்து, விளக்கை மாற்றி, கண்ணாடியைப் பளபளவென்று தேய்த்து வைத்தார். அப்படி ஒரு லிஃப்ட் அந்தக் கட்டடம் கட்டிய நாளிலும் ஓடியதில்லை. டெய்லரம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியேறிப் போனார்.

கல்யாணப் பேச்சை முறையாகப் பேச அக்கா நேரே மூன்றாம் மாடிக்குப் போனாள். அங்கே பெட்டி கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது.

"என்னம்மா இது, எங்க கிளம்பறே?"

"தங்கச்சி வீட்டுக்குக்கா. ஞாயித்துக்கிழமை காலையில. உங்க தம்பிதான் வேண்டாம்னுட்டாரே."

"வேண்டாம்னானா? அவனா? என்ன சொன்னான், அப்படியே சொல்லு."

"‘இருக்கட்டும்’னார்."

அக்கா இஸ்திரி மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அட அசடே! அவன் அகராதியில அதைவிடப் பெரிய ‘ஆமா’ கிடையாதுடீ!"

டெய்லரம்மாவும் சிரித்தார். பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டார். "உடைஞ்ச குடையையும் இருக்கட்டும்னார். என்னையும் இருக்கட்டும்னார். ரெண்டுக்கும் என்னக்கா வித்தியாசம்?"

வாயாடி அக்கா மேஜைமேல் கிடந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"அவர் இருக்கட்டும்னு சொன்னதெல்லாம் எங்க இருக்குதுன்னு ஒருதடவை பார்த்துடறேன்" என்று டெய்லரம்மா கீழே இறங்கினார்.

மெக்கானிக் கதவைத் திறந்தார். முகத்தில் தீபம் ஏற்றியதுபோல் ஒரு வெளிச்சம்.

"உள்ள வரலாமா?"

"ஒரு நிமிஷம். நான் வெளிய வந்துடறேன், அப்புறம் நீங்க உள்ள போகலாம்."

"நீங்க வெளிய, நான் உள்ள. நல்லா இருக்கு குடித்தனம்!"

டெய்லரம்மா வாசலில் நின்றபடியே இடப்பக்க மலையைப் பார்த்தார், வலப்பக்க மலையைப் பார்த்தார். "இதுல நான் எங்க இருக்கறது? ஃபேனுக்கும் குடைக்கும் நடுவுலயா, இல்ல ஏழாம் மாடி டப்பா மேலயா?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"சரி, ஒண்ணு கேக்கறேன். லிஃப்ட்டுல எடை கூடிப்போச்சுன்னா என்ன ஆகும்?"

தொழில் கேள்வி! அவருக்கு உயிர் வந்தது. "பீப் பீப்புன்னு கத்தும். இருந்த இடத்தை விட்டு நகராது."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"கடைசியா ஏறினவங்களை இறங்கச் சொல்லுவோம்."

"கடைசியா ஏறினது நான்தான்" என்றார் டெய்லரம்மா. கோபம் இல்லை, குத்தல்கூட இல்லை. அளவு எடுத்துச் சொல்வதுபோல் சொன்னார். சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

மெக்கானிக் அப்படியே நின்றார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார். வழக்கமான சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்து, அங்கே இடமில்லாமல் திரும்பிப் போனது.

சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் கம்பெனிக்கு லீவு சொன்னார். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து சேர்ந்தாள். வாசலில் பழைய சாமான்காரர் தள்ளுவண்டியோடு நின்றார். முதலில் ஒரு மின்விசிறி வெளியே போனது. சற்று நேரத்தில் அதே மின்விசிறி, மெக்கானிக்கின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தபடி, உள்ளே வந்தது. வண்டியிலிருந்து ஒரு கைப்பிடியும் சேர்ந்து வந்தது.

"அண்ணே, நீங்க போடறதைவிட எடுத்துட்டுப் போறது ஜாஸ்தியா இருக்கு" என்றார் பழைய சாமான்காரர். "இப்படியே போனா சாயங்காலத்துக்குள்ள என் வண்டியும் உங்க வீட்டுக்குள்ள போயிடும்."

"இருக்க…" என்று ஆரம்பித்தார் மெக்கானிக்.

"முழுசாச் சொன்னே, தொலைச்சுடுவேன்" என்றாள் அக்கா.

அவர் குவியலின் முன் உட்கார்ந்து யோசித்தார். பிறகு எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, நெரிசலான லிஃப்ட்டின் வாசலில் நின்று பேசுகிற அதே பணிவான குரலில், இறக்கை இல்லாத மின்விசிறியிடம் சொன்னார்: "மன்னிச்சுக்கோங்க. எடை கூடிப்போச்சு. நீங்க கொஞ்சம் இறங்கிக்கணும்."

மின்விசிறி மறுப்புச் சொல்லவில்லை. இறங்கியது.

அதன் பிறகு குடைகளிடம், செருப்புகளிடம், டப்பாக்களிடம், ஒவ்வொன்றிடமும் சொன்னார். "சார், வழி விடுங்க." "அம்மா, பார்த்து இறங்குங்க." அக்கா முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவளும், ஒரு கால் போன நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, "பெரியவரே, கையைப் பிடிச்சுக்கோங்க" என்றாள். விதியையும் அவர் மாற்றிவிட்டார். கடைசியாக ஏறினவர் இறங்க வேண்டியதில்லை, முதலில் ஏறினவர்தான் இறங்க வேண்டும் என்றார். முதலில் ஏறினதோ சுவரோரம், எல்லாவற்றுக்கும் பின்னால். அதை எட்ட வேண்டுமானால் முன்னால் இருப்பவை அத்தனையும் வெளியேறியாக வேண்டும். விதி என்றால் விதி.

முற்றம் நிறைந்தது. பாதிக் கட்டடம் வேடிக்கை பார்க்க இறங்கி வந்தது. பிள்ளைகள் பட்டன்களை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். இன்றைக்கும் அந்தத் தெருவில் மரத்தடியில் பட்டனை அழுத்தி ஏழாம் மாடிக்குப் போகிற குழந்தைகளைப் பார்க்கலாம். பேசும் பெட்டியை வாட்ச்மேன் கேட்டில் மாட்டிக்கொண்டார். மாமியார் மருமகள் யார் வந்தாலும் அது பாரபட்சமில்லாமல் "விலகி நிற்கவும்" என்கிறது. மெக்கானிக் சட்டைப் பையையும் கவிழ்த்தார். தரையில் விழுந்த சத்தத்தைக் கேட்டு ஐந்தாம் மாடிக்காரர் பால்கனிக்கு ஓடி வந்தார் என்றால் பாருங்கள். பழக்கம் மட்டும் சாமானோடு வண்டி ஏறிப் போய்விடுமா? இன்னமும் தெருவில் ஒரு ஸ்பிரிங் மினுங்கினால் அவர் குனிந்துவிடுகிறார். யாராவது பார்த்துவிட்டால் ஷூ கயிறு கட்டுவதுபோல் பாவனை செய்கிறார். காலில் இருப்பதோ செருப்பு.

சுவரோரம் கடைசியாக மிஞ்சியது ஒரு மர அலமாரி. குடிவந்த அன்று, எங்கே வைப்பது என்று சுமந்து வந்தவர்கள் கேட்டதற்கு, "இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும்" என்று அவர் சொன்னது. அவர், அக்கா, வாட்ச்மேன், பழைய சாமான்காரர் நால்வரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, ஏலேலோ போடாத குறையாக நகர்த்தினார்கள்.

பின்னால் ஜன்னல் இருந்தது.

நல்ல பெரிய ஜன்னல். மெக்கானிக் அதை அந்நியரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கொக்கியைத் தட்டி, ஒரு தள்ளு தள்ளினார். மாலை வெயில், எத்தனையோ வருடமாக வெளியே வரிசையில் நின்று அலுத்ததுபோல், மடமடவென்று உள்ளே வந்து தரை முழுக்க உட்கார்ந்தது. எதிர்வீட்டு அம்மாள் தன் ஜன்னலில் நின்று, "அட, அங்க ஆள் குடியிருக்காங்களா!" என்றார்.

மெக்கானிக் வெறுந்தரையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கையை வீசி நடந்தார். ஒருமுறை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, லேசாகக் குதித்தும் பார்த்தார். அக்கா பார்த்துவிட்டாள், பார்க்காததுபோல் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"போடா, போய்க் கூப்பிடு. ஆனா அந்தச் சொல்லு வந்துது…"

"வராதுக்கா."

லிஃப்ட் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் படியேறினார். ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல்லை ஒத்திகை பார்த்தார். "சரிங்க." அது பத்தாது. "ஆமாங்க." எதற்கு ஆமாம் என்று கேட்பார். "சம்மதம்." நாடகம்போல் இருக்கிறது. மூன்றாம் மாடிக்கு வந்தபோது மூச்சு மட்டும் மிச்சமிருந்தது. அதில் ஒரே ஒரு சொல் கொள்ளும்.

"வாங்க."

டெய்லரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு, கிளம்புவதற்கு முன் முடிக்க வேண்டிய கடைசித் துணியில் குறி போட்டுக்கொண்டிருந்தார். "எங்க?"

"எல்லாரும் இறங்கிட்டாங்க. நீங்க ஏறலாம்."

டெய்லரம்மா அவரை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தார். தூசி படிந்த தலை, ஒட்டடை தொங்கும் காது, தட்டையாகக் கிடந்த சட்டைப் பை. கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைக்கக்கூட மறந்து எழுந்து வந்தார்.

கீழே தன் வாசலில் மெக்கானிக் பழக்கத்தில் பக்கவாட்டில் திரும்பப் போனார். தேவையிருக்கவில்லை. நேராகவே நடந்து நடு அறைக்கு வந்தார். அவர் செருப்பின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அக்கா வாசல் நிலையில் சாய்ந்து, மூச்சு விடாமல் நின்றாள். தன் வாழ்நாளில் அவள் அத்தனை நேரம் பேசாமல் இருந்தது அன்றுதான்.

டெய்லரம்மா ஜன்னல் வெளிச்சத்தில் கையை நீட்டிப் பார்த்தார். துணியின் நிறம் பார்க்கிற வெளிச்சம்தானா என்று சோதிப்பதுபோல் இருந்தது. பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்து, தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டார்.

"இங்க என் மெஷின்."

இன்னொரு கட்டம். "இங்க கட்டில்." இன்னொன்று. "அடுப்பு அந்தப் பக்கமாவே இருந்துட்டுப் போகட்டும்."

"அப்ப தங்கச்சி ஊரு?" என்றாள் அக்கா, அடக்க மாட்டாமல்.

"அவ மெஷினை அவளே ஓட்டட்டும்க்கா. நல்லாத்தான் தைப்பா."

சொல்லிவிட்டு, மூலையில் கடைசியாக ஒரு கட்டம் போட்டார். தாராளமான கட்டம், இரண்டு பேர் படுக்கலாம். "இது உங்க சாமானுக்கு. ஒரே நாள்ல ஆளை மொட்டையா நிறுத்தினா பாவம் இல்லையா?"

மெக்கானிக் அந்தக் கட்டத்தை வெகுநேரம் பார்த்தார். அதன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையால் ஒவ்வொரு கோடாகத் துடைத்து அழித்தார். பிறகு டெய்லரம்மாவின் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி, மெஷினுக்குப் போட்ட கட்டத்தின் கோட்டை அந்த மூலைச் சுவர் வரைக்கும் நீட்டி வரைந்தார்.